போறேன் என்பதற்கு ஸ்பானிஷில்

மதியச் சாப்பாடு முடிந்து, என் வீட்டுக்காரர் கூடத்துத் தரையில் தலையணையைப் போட்டுக் கண்ணை மூடியதும்தான் என் வேலை தொடங்கும். அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். சாப்பிட வீட்டுக்கு வருகிறவர், ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த அந்தத் தரையில் இருபது நிமிடம் முதுகைக் கிடத்தாமல் திரும்பிப் போகமாட்டார். நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் லேப்டாப்பைத் திறப்பேன். காரைக்குடியில் அப்போது மணி இரண்டு. ஸ்பெயினில் காலை ஒன்பதரை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் தெரு அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனில் அரட்டை அடிப்பதற்கென்று ஓர் ஆப். எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்காக அதில் கீழே சில பதில்கள் தயாராக இருக்கும். விரலால் தொட்டால் போய்விடும். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பதில்களை நான் ஸ்பானிஷில் எழுதித் தர வேண்டும். பெரிய வாக்கியமெல்லாம் கிடையாது. ‘அப்புறம்’, ‘அடப்பாவி’, ‘சும்மா சொன்னேன்’, ‘சிரிச்சு வயிறு வலிக்குது’, இந்த மாதிரி. ஆங்கிலக்காரர்கள் அதையும் சுருக்கி மூன்றெழுத்தாக்கி வைத்திருப்பார்கள். இடது பக்கம் அந்த மூன்றெழுத்து, வலது பக்கம் காலிக் கட்டம்.

“அவுக வெட்டியாப் பேசுறதுக்கு நீ மெனக்கெட்டு வேல பாக்குறியாக்கும்” என்பார் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலே.

“தூங்குறீகளா, கத பேசுறீகளா?”

“தூங்கிக்கிட்டேதான் பேசுறேன்.”

காரைக்குடிக்காரிக்கு ஸ்பானிஷ் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கல்லலில் ஒரு வாத்தியார் மகள். பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஸ்பெயினில், மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில், வாசலைத் தாண்டி வெளியே வராத கன்னியர்களின் மடம் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, இளசுகள் வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் யாரோ கேட்டிருந்தார்கள். போனேன். ஒன்பது வருஷம் இருந்தேன்.

போன முதல் வாரம் எனக்கு ஒரே குழப்பம். எதைச் சொன்னாலும் பெரிய சிஸ்டர்கள் ‘பாலே, பாலே’ என்றார்கள். காலையில் பாலே, ஜெபம் முடிந்தால் பாலே, பாத்திரம் கழுவினால் பாலே. இந்த மடத்தில் பாலைத் தவிர வேறு நினைப்பே இல்லையா என்று எனக்குச் சந்தேகம். ‘சரி’ என்பதற்குத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிவதற்குள் மூன்று முறை சமையலறைக்கு ஓடிப் பால் கொண்டுவந்துவிட்டேன். முத்தத்துக்கு அங்கே ‘பேசோ’. எந்தக் கடிதத்தையும் ‘பேசோஸ்’, முத்தங்கள், என்று போட்டுத்தான் முடிப்பார்கள். எனக்கு அது இன்றைக்கும் ‘பேசு’ என்றே காதில் விழும். நான் போகிறேன் என்பதற்கு ‘போய்’. எழுதுவது வேறு எழுத்து, ஆனால் வாயில் வருவது அச்சு அசல் நம்முடைய போய்தான். ஏழு கடல் தாண்டி வந்த இடத்தில் இந்த மூன்று சொல்லையும் நான் சொந்தக்காரர்களைப்போல் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் நான் கற்ற ஸ்பானிஷ், ஜெபத்துக்கும் நோய்க்கும் அடுப்படிக்குமான ஸ்பானிஷ். பேசியதெல்லாம் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களோடு. நம் பக்கத்து ‘வாரீக, இருக்கீக’ மாதிரி அவர்களிடமும் ஒரு மரியாதை விகுதி உண்டு. எனக்கு அது ஊரிலிருந்தே பழக்கம், தாராளமாகப் போட்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதிலும் அப்படியே எழுதினேன். நான் எழுதுவதைச் சரிபார்க்க ஸ்பெயினில் ஒரு பெண் இருக்கிறாள். முகம் பார்த்ததில்லை. எழுத்தைப் பார்த்தால் சின்ன வயது என்று தெரியும். முதல் வாரமே என் கட்டங்களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினாள்: “உங்கள் ஸ்பானிஷில் பிழையே இல்லை. ஆனால் இரண்டு சிநேகிதிகள் போனில் இப்படிப் பேசமாட்டார்கள். நோயாளிக்கு ஆசீர்வாதம் கொடுக்க வந்த பாதிரியார் பேசுவதுபோல் இருக்கிறது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் லேப்டாப்பையே திறக்கவில்லை. ஒன்பது வருஷம் உப்புப் போட்டுத் தின்ற பாஷையை எனக்கு இவள் சொல்லித்தருகிறாளா என்று புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டே திட்டினேன். மூன்றாம் நாள் குழம்பு அடிப்பிடித்தபோது அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. சிநேகிதியிடம் பேசுவதுபோல் எழுத, நான் சிநேகிதியைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த மொழியில் எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதி.

அவளை நான் அதுவரை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அவளுக்கும் என் வயதுதான். ஆலிவ் தோட்டம் போட்டிருந்த குடும்பம். மடத்தில் எங்கள் இருவருக்கும் அடுப்பறை வேலை. பாதாம் பிஸ்கட் சுடுவோம். சுவரில் ஒரு மரப்பெட்டி உண்டு, திருகினால் சுழலும். வெளியே மணி அடித்து ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நாங்கள் பிஸ்கட்டை வைத்துச் சுழற்றிவிடுவோம். அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது, குரல் மட்டும் போய்வரும். இன்றைக்கு நினைத்தால் அதுவும் ஓர் ஆப்தான். உடைந்த பிஸ்கட்டை விற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். உடைந்ததெல்லாம் எங்கள் இருவருக்கு. சில நாள் உடையாவிட்டால் அவள் உடைத்துவிடுவாள். “பாவம், தானே விழுந்துவிட்டது” என்பாள். மடத்தில் என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவள், நானும் ‘நீ’ என்று கூப்பிட்டவள், அவள் ஒருத்தி.

ஆக, இடது கட்டத்தில் ஒரு மூன்றெழுத்து வந்தால், இதை அவளிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று கேட்டுக்கொள்வேன். கண்ணை மூடுவேன். மாவு கொட்டிய மேசையும் அடுப்பின் சூடும் வந்துவிடும். அவள் ஏதாவது சொல்வாள், நான் பதில் சொல்வேன், அதை அப்படியே கட்டத்தில் எழுதுவேன். பாதாம் வறுபடும் வாசனைகூட வரும். கண்ணைத் திறந்தால் பக்கத்து மாடியில் மோர்மிளகாய் காய்கிற வாசனையாக இருக்கும். கூடத்துத் தரையின் பூக்கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது மடத்து நடைக்கூடத்துத் தரையாக மாறும், மறுபடி இதுவாக மாறும். வீட்டுக்காரரின் குறட்டை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாகக் கேட்கும். அந்த மதியங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சரிபார்க்கும் பெண்ணும் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் ‘ஜாஜாஜா’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அவர்கள் சிரிப்பை அப்படித்தான் எழுதுவார்கள், படிக்கும்போது ஹாஹாஹா.

பிறகு விடைபெறும் சொற்கள் வந்தன. ஒரே பக்கத்தில் பன்னிரண்டு கட்டம். ‘கிளம்பணும்’, ‘நான் போறேன்’, ‘அப்புறம் பேசலாம்’, ‘பை’, ‘ரெண்டு நிமிஷத்துல வந்துர்றேன்’ என்று வகைவகையாக. நான் அன்றைக்கு அரைத் தூக்கத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன். அடுப்பறைக்குப் போனேன், கதவருகில் நின்றேன், அவளிடம் சொன்னேன், எழுதினேன். பன்னிரண்டையும் முடித்து அனுப்பிவிட்டுக் காப்பி போடப் போனேன்.

மறுநாள் குறிப்பு வந்திருந்தது.

“பன்னிரண்டு கட்டத்திலும் ‘போய் இ புவெல்போ’ என்றே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் வருகிறவர்களுக்கு அது சரி. மற்றப் பதினொன்றும் ஒரேயடியாகக் கிளம்புகிறவர்கள் சொல்வது. நாங்கள் இப்படிச் சொன்னால் உண்மையிலேயே திரும்பி வருவோம் என்று அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் போனை வைக்காமல் காத்துக்கொண்டே இருப்பார்.”

போய் இ புவெல்போ. போய்த் திரும்பி வருகிறேன். நம் ‘போய்ட்டு வாரேன்’தான், ஒரு சொல் குறையாமல். அவர்களுக்கு அது ஒரு தகவல். நமக்கு அது ஒரு மரியாதை. வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் அம்மா வாயிலேயே ஒன்று வைப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் வாரேன், பரதேசம் போனாலும் வாரேன். அப்படி வளர்ந்த கை, பதினொரு முறை ‘போறேன்’ என்று எழுத மறுத்திருக்கிறது. ஊர்ப்பழக்கம், விடு, என்று வேறு நாளாக இருந்தால் திருத்தி எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் இந்தச் சொல்லை நான் ஒரு முறை நிஜமாகவே சொல்லியிருக்கிறேன். அவளிடம்.

கன்னியாஸ்திரியாக இருக்க எனக்கு ஆண்டவரின் அழைப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள ஒன்பது வருஷம் ஆயிற்று. ஜெபத்தில் முழங்கால் போட்டால் கல்லல் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும். ஏறவா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஜெபம் முடிந்துவிடும். கடைசியில் மடத்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, திட்டவில்லை. “சொல்லிக்கொண்டு போனால் எல்லோரும் உடைந்துபோவார்கள், மகளே. அமைதியாகப் போ. நான் சாயங்காலம் சொல்லிக்கொள்கிறேன்” என்றார். கார் வந்து நின்ற காலையில், நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்பறைக் கதவருகில் போய் நின்றேன். அந்த மாதம் பல் வலிக்காக இரண்டு முறை அதே கோட்டில் டாக்டரிடம் போயிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முழங்கை வரை மாவு.

“மறுபடி பல்லா?” என்றாள்.

நான் ‘போய் இ புவெல்போ’ என்றேன்.

“பாலே. சீக்கிரம் வா” என்று சொல்லிவிட்டு அடுப்பைத் திறந்தாள்.

அவ்வளவுதான். அது நடந்து பதினான்கு வருஷம். விமானத்தில் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், நான் பொய் சொல்லவில்லை, தமிழில்தான் சொன்னேன், வாயிலிருந்து ஸ்பானிஷாக வந்துவிட்டது என்று. ஊருக்கு வந்து, கல்யாணம் கட்டி, இந்த வீட்டுக்குக் குடிவந்து, அந்தச் சமாதானத்தை அப்படியே வைத்திருந்தேன். முகம் தெரியாத ஒரு பெண் அதை ஒரு வரியில் கலைத்துவிட்டாள். எதிர்முனையில் இருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரர் எழுந்து வந்து, “என்னத்தா, வேல போச்சா?” என்றார்.

“இல்ல. தப்பா எழுதிட்டேன்.”

“திருத்திப்புடு. இதுக்கா அழுவாக?”

திருத்தினேன். பதினொரு கட்டத்திலும் ‘மே போய்’, நான் கிளம்புகிறேன், என்று அடித்தேன். இதையே பல விதமாகச் சொல்ல அவர்களிடம் சொல் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு இந்த ஒன்றைத்தான் பதினொரு முறையும் அடித்தேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் கை வாய்க்கருகில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்தப் பெண் மறுநாள் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று சலித்துக்கொண்டு, தானே மாற்றிக்கொண்டாள்.

பிறகு மடத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். அவர்களும் காலத்தோடு போயிருந்தார்கள். மரப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுத்த பிஸ்கட் படமும், ஆர்டர் கொடுக்க ஒரு போன் எண்ணும் இருந்தன. அந்த எண்ணுக்கு எழுதினேன். எழுத மூன்று மதியம் ஆயிற்று. எழுதியது இவ்வளவுதான்: “ஓலா. நான் இந்தியாவிலிருந்து வந்து உங்களோடு ஒன்பது வருஷம் இருந்தவள். அடுப்பறையில் என்னோடு வேலை செய்த சிஸ்டர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன். எங்கள் ஊரில் ஒரேயடியாகப் போகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ‘மே போய்’ என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

உடனே பதில் வந்தது. அவசரமாகத் திறந்தேன். ‘வணக்கம். பாதாம் பிஸ்கட் தீர்ந்துவிட்டது, இனி வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.’ எல்லோருக்கும் தானாகப் போகிற பதில். எனக்கு ஆசீர்வாதம் கிடைத்தது, பிஸ்கட் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒன்றுமில்லை. போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவள் அங்கே இல்லாமல் இருக்கலாம். உயிரோடே இல்லாமல் இருக்கலாம். இருந்தும் பதில் எழுதப் பிடிக்காமல் இருக்கலாம், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. ஐந்தாம் நாள் மதியம், வெயிலில் வந்த வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தபோது, சோற்றுக் கரண்டியை வைக்கும் நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

“நீயா?”

ஒரே சொல். அந்த ‘நீ’யைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

நானேதான் என்று எழுதினேன். ஆர்டர் போனைப் பார்க்கிற வேலை இப்போது தன்னுடையதுதான் என்றும், நாலு நாள் போனை எடுத்து எடுத்து வைத்ததாகவும் எழுதினாள். அதன் பிறகு துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது. எழுத்துகளை விழுங்கி, சுருக்கிச் சுருக்கி எழுதினாள். நான் இத்தனை நாள் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்த அந்தப் பாஷையை, வெளியே வராத ஒரு கன்னியாஸ்திரி விரல் நுனியில் வைத்திருந்தாள்.

“அன்று சாயங்காலம் அம்மா எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார், நீ ஊருக்கே போய்விட்டாய் என்று.”

“நான் நம்பவில்லை. அவள் வருவேன் என்று என்னிடம் சொன்னாள், அவள் பொய் சொல்லமாட்டாள் என்றேன்.”

“ஈஸ்டர் வரை எல்லோரோடும் சண்டை. உடைந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் உனக்கு எடுத்து வைத்தேன்.”

படிக்கப் படிக்க எழுத்து கலங்கியது. என்னை நம்பி ஒருத்தி ஒரு மடத்தையே எதிர்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அப்போது எங்கள் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்திருப்பேன்.

“அடுத்த வருஷம் உங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள். தோட்டத்துக்குப் போனாலும் ‘போய் இ புவெல்போ’. தூங்கப் போனாலும் ‘போய் இ புவெல்போ’. என்னடி இது என்று கேட்டேன். எங்கள் ஊரில் இப்படித்தான், சாவுக்குப் பயந்து, ‘போறேன்’ என்று மட்டும் சொல்லமாட்டோம் என்றாள்.”

“அன்றைக்கு உன் டப்பாவை நானே காலி செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஜாஜாஜா.”

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. மன்னித்தாயா என்று கேட்டேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் மட்டும் வந்து வந்து மறைந்தன.

“போனதற்குக் கோபமில்லை. என்னிடம் சொல்லாமல் போனதற்கு ரொம்ப நாள் கோபம். நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், எனக்குத்தான் பாஷை தெரியவில்லை என்று தெரிந்தபோது, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.”

எந்தக் கட்டத்திலும் அதற்குச் சொல் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவளிடமிருந்து இன்னொன்று வந்தது.

“மணி அடிக்கிறது. போய் இ புவெல்போ.”

அதோடு நின்றது. மூன்று புள்ளிகளும் போய்விட்டன. நான் போனை மேசையில் நிமிர்த்தி வைத்தேன். அவள் எந்தப் பாஷையில் சொன்னாள்? அவள் ஊர் வழக்கத்தில் சொல்லியிருந்தால், ஜெபம் முடிந்து அரைமணியில் வருவாள். எங்கள் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு சொல்லியிருந்தால், அது கடைசிச் சொல்லாக இருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“நீயும் உக்காரு. யாரு அது?”

“நீங்க சாப்பிடுங்க. ஒருத்தி வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

“எப்ப வருவாகளாம்?”

“தெரியல. நான் இருக்கேன்” என்றேன்.